ஜான் லெனனின் வாட்ச்: பிறப்பு தெரியும், சொந்தக்காரர் யார்?

பழைய வாட்ச் எது கைக்கு வந்தாலும் முதலில் அதைத் திருப்பிப் பின்மூடியைப் பார்ப்பது என் பழக்கம். டயலை மாற்றியிருப்பார்கள், முள்ளை மாற்றியிருப்பார்கள், ஸ்ட்ராப் எத்தனை முறை மாறியதோ தெரியாது. ஆனால் பின்மூடியில் யாராவது எதையாவது பொறித்திருந்தால் அதை அழிக்கத் தனியாக மெனக்கெட வேண்டும். பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை.

இங்கே நான் எடுத்துக்கொள்ளும் வாட்சின் பின்மூடியில் இருப்பதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்: ‘ஜஸ்ட் லைக் ஸ்டார்ட்டிங் ஓவர், லவ் யோகோ, 10·9·1980, என்.ஒய்.சி.’ பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனுக்கு அவருடைய நாற்பதாவது பிறந்த நாளன்று மனைவி யோகோ ஓனோ கொடுத்த பட்டேக் ஃபிலிப் வாட்ச். கொடுத்த இடம் நியூயார்க். 34 வருடம் கழித்து அது ஜெனீவாவில், லெனன் குடும்பத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு சேகரிப்பாளரின் கையிலிருந்து வெளியே வந்தது. அது யாருக்குச் சொந்தம் என்று முடிவாக இன்னும் பத்து வருடம் ஆனது.

முதலில் அந்தப் பொறிப்பையே கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். 10·9 என்பதை ஐரோப்பாவில் ஒருவர் படித்தால் செப்டம்பர் 10 என்பார். நாமும் அப்படித்தான் படிப்போம். அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள், அதனால் அது அக்டோபர் 9. லெனன் பிறந்தது 1940 அக்டோபர் 9. அவருடைய மகன் ஷான் பிறந்ததும் 1975-இல் அதே தேதியில். கடைசியில் இருக்கும் என்.ஒய்.சி., அதாவது நியூயார்க் நகரம், தேதியை எந்த ஊர் வழக்கப்படி படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

மேலே இருக்கும் வரி ஒரு பாட்டின் தலைப்பு. ஐந்து வருடம் பாட்டு வேலை எதுவும் வேண்டாம் என்று மகனை வளர்த்துக்கொண்டு வீட்டோடு இருந்த லெனன், 1980-இல் திரும்பி வந்து பதிவு செய்த பாட்டு அது. ‘மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது போல’ என்று பொருள் சொல்லலாம். பாட்டு கடைகளுக்கு வந்தது அக்டோபர் மாதப் பிற்பகுதியில். பொறிப்பில் இருக்கும் தேதியோ அக்டோபர் 9. அந்தத் தேதியில் இந்தத் தலைப்பு தெரிந்தவர்கள் வீட்டுக்காரர்களும் ஸ்டூடியோவில் கூட இருந்தவர்களும்தான். இதை மட்டும் வைத்துப் பொறிப்பு அசல் என்று நிரூபிக்க முடியாது, பின்னாளில் யார் வேண்டுமானாலும் எந்தத் தேதியையும் பொறிக்கலாம். ஆனாலும் புருஷனும் பெண்டாட்டியும் தங்களுக்குள் பேசிக்கொண்டது போன்ற ஒரு வரி அது. எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கொஞ்சம் கனத்துப் போகும், ஏனென்றால் இரண்டே மாதத்தில், 1980 டிசம்பர் 8 அன்று, லெனனை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

சரி, வாட்சுக்கு வருவோம். பட்டேக் ஃபிலிப் நிறுவனம் 1839-இல் ஜெனீவாவில் தொடங்கியது. இந்த வாட்சின் மாடல் எண் 2499. சாவி கொடுத்து ஓட்டும் வாட்ச். ஸ்டாப் வாட்ச் போலவும் வேலை செய்யும். கிழமை, தேதி, மாதம், நிலவின் வளர்பிறை தேய்பிறை எல்லாம் டயலில் தெரியும். 30 நாள் மாதம், 31 நாள் மாதம், பிப்ரவரி 28, நான்கு வருடத்துக்கு ஒருமுறை 29 என்று எல்லாவற்றையும் பல்சக்கரங்களே கணக்கு வைத்துக்கொள்ளும். நிற்காமல் ஓடினால் 2100-ஆம் வருடம் வரை தேதியைக் கையால் திருத்த வேண்டியதில்லை. 1951-இல் தொடங்கி 35 வருட காலத்தில் இந்த மாடலில் செய்ததே 349 வாட்ச்தான். வருடத்துக்குப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லெனனின் வாட்சில் பட்டேக் பெயரோடு சேர்த்து டிஃபனி என்ற பெயரும் டயலில் இருக்கிறது. நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் இருக்கும் நகைக்கடை அது. 1851 முதல் பட்டேக் வாட்சுகளை விற்று வருகிறார்கள், தாங்கள் விற்கும் சில வாட்சுகளில் கடையின் பெயரையும் அச்சிடுவார்கள். நம் ஊரில் பழைய சுவர்க்கடிகாரங்களில் விற்ற கடையின் பெயர் இருக்குமே, அந்த மாதிரி. சேகரிப்பாளர்கள் இந்த இரட்டைப் பெயர் டயலுக்குத் தனி விலை கொடுப்பார்கள். வாட்சின் பூர்வீகத்தைத் தேடுபவருக்கோ அது முதல் முகவரி.

பூர்வீகத்தைத் தேடும் முறை சுருக்கமாக இதுதான். பட்டேக் வாட்சில் உள்ளே இருக்கும் மெஷினுக்கு ஓர் எண், தங்கக் கூட்டுக்கு இன்னோர் எண். இரண்டும் நிறுவனத்தின் பேரேட்டில் ஒரே வரியில் இருக்கும். கேட்டால் நிறுவனம் ஒரு சான்று தரும்: மாடல், இரண்டு எண்கள், எப்போது செய்தது, எப்போது முதலில் விற்றது. வாங்கியவர் பெயரைத் தரமாட்டார்கள். எண்கள் பொருந்தவில்லை என்றால் ஒரு வாட்சின் வயிற்றில் வேறொரு வாட்சின் மெஷின் இருக்கிறது என்று அர்த்தம். மெஷின் எண், கூட்டின் எண், கடைப்பெயர், பொறிப்பு என்று நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

அதுவும்கூட ஏமாற்றக்கூடியது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த ஏலத்தில் ஓர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், 2915-1 என்ற முதல் தலைமுறை மாடல், 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. டயல் வெயிலில் பழுத்துப் பழுப்பாக மாறியிருந்ததுதான் அதன் அழகு என்றார்கள். வாங்கியது ஒமேகா நிறுவனமே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-இல் அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்று தெரிய வந்தது. தன்னிடம் முன்பு வேலை பார்த்தவர்களுக்கே இதில் பங்கு இருந்ததாக ஒமேகா அறிவித்தது. பேரேடு இருக்கும் வீட்டுக்குள்ளிருந்தே ஆள் சேர்ந்தால் பேரேடும் காப்பாற்றாது.

லெனன் வாட்சில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. யார் செய்தது, எந்தக் கடை விற்றது, யார் வாங்கி யாருக்குக் கொடுத்தது என்று எல்லாமே தெரியும். சுமார் 25,000 டாலர் கொடுத்து வாங்கியதாகச் சொல்கிறார்கள். அவ்வளவு தெளிவான பூர்வீகம் உள்ள வாட்ச் லட்சத்தில் ஒன்று. இருந்தும் பத்து வருடம் இழுத்தது என்றால், பூர்வீகமும் சொந்தமும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்பதுதான் காரணம். பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் முதல் கேள்விக்கு உயிரைக் கொடுத்து பதில் தேடுவார்கள். லென்ஸ் வைத்துத் திருகாணி வரைக்கும் பார்ப்பார்கள். இரண்டாவது கேள்வியை விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அத்தோடு விட்டுவிடுவார்கள்.

லெனன் இறந்த பிறகு வாட்ச் அவருடைய சொத்துப் பட்டியலில் சேர்ந்தது. நியூயார்க்கில் டகோட்டா என்ற பெரிய கட்டடத்தில் இருந்த அவர்கள் வீட்டில், பூட்டிய ஓர் அறைக்குள் கணவரின் மற்றப் பொருள்களோடு அதை ஓனோ வைத்திருந்தார். விதவையான ஒருவர், கணவர் கடைசியாகக் கட்டிய வாட்சை அடிக்கடி எடுத்துப் பார்ப்பார் என்று நாம் நினைப்போம். பார்க்காமலே இருப்பவர்களும் உண்டு. எங்கள் பெரியம்மா பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடி இருந்த பீரோவைப் பன்னிரண்டு வருடம் திறக்கவில்லை.

1990-களின் நடுவிலிருந்து ஓனோவிடம் துருக்கியைச் சேர்ந்த ஒரு டிரைவர் வேலை பார்த்தார். பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர், வீட்டுக்குள்ளும் போய் வருபவர். 2006 டிசம்பரில் அவரைப் போலீஸ் கைது செய்தது. ஓனோவின் அந்தரங்கப் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் வெளியிடாமல் இருக்க 20 லட்சம் டாலர் கேட்டு மிரட்டினார் என்பது குற்றச்சாட்டு. 2007 பிப்ரவரியில் குறைந்த குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டார், பிறகு துருக்கிக்குப் போய்விட்டார். அது அப்போது உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்த செய்தி. அந்த வழக்கில் வாட்சைப் பற்றிய பேச்சே எழவில்லை. காணாமல் போனது யாருக்கும் தெரியாதே.

அவரிடமிருந்து வாட்சும் லெனனின் டைரிகளும் இன்னும் பல சாமான்களும் பெர்லினில் இருந்த இன்னொருவர் கைக்குப் போயின. அங்கிருந்து இணையத்தில் ஏலம் நடத்திவந்த ஆக்‌ஷனாட்டா என்ற பெர்லின் நிறுவனத்துக்கு. 2014-இல் அந்த நிறுவனம் மூலமாக ஓர் இத்தாலிய சேகரிப்பாளர் வாட்சை 6 லட்சம் யூரோவுக்கு வாங்கினார். அவர் பெயரை நீதிமன்றம் வெளியிடவில்லை.

வாங்கியவர் அதே வருடம் வாட்சை ஜெனீவாவில் ஒரு பெரிய ஏல நிறுவனத்திடம் கொடுத்து இதற்கு என்ன விலை போகும் என்று கேட்டார். திருட்டு என்று தெரிந்த ஒருவர் இதைச் செய்திருக்க மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த ஏல நிறுவனம் ஒரு வேலை செய்தது. இந்தக் கதையில் அதுவரை யாரும் செய்யாத வேலை. நியூயார்க்கில் இருந்த ஓனோவின் வக்கீலைத் தொடர்பு கொண்டு கேட்டது. அப்போதுதான் வீட்டில் பார்த்தார்கள். வாட்ச் இல்லை.

ஒரே ஒரு விசாரிப்பு. ஓனோவுக்கு அப்போது 81 வயது. உயிரோடு இருக்கிறார், ஊர் தெரியும், வீடு தெரியும், வக்கீல் தெரியும், பின்மூடியில் பெயர்கூட இருக்கிறது. வாட்ச் நியூயார்க்கிலிருந்து துருக்கி, பெர்லின், ஜெனீவா என்று போன வழியில் எத்தனை பேர் அந்தப் பொறிப்பை விரலால் தடவியிருப்பார்கள். லவ் யோகோ என்று எழுதியிருக்கிறது, யோகோவிடம் ஒரு வார்த்தை கேட்போமே என்று ஜெனீவாவுக்கு முன்னால் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் கேட்க மனம் வரவில்லை.

இதற்கிடையில் ஆக்‌ஷனாட்டா 2017-இல் திவாலானது. கணக்கைச் சரிபார்த்த திவால் நிர்வாகி அங்கே கிடந்த லெனன் சாமான்களைப் பார்த்துப் போலீசுக்குச் சொன்னார். அந்த வருடம் நவம்பரில் பெர்லின் போலீசார் அவற்றை மேஜையில் பரப்பிக் காட்டினார்கள்: மூன்று டைரிகள், மூக்குக்கண்ணாடிகள், சிகரெட் பெட்டி, கையால் எழுதிய இசைக்குறிப்பு. டைரியில் 1980 டிசம்பர் 8-ஆம் தேதிக்கு எதிரே அன்றைக்கு நடக்கவிருந்த போட்டோ எடுப்பைப் பற்றிய குறிப்பு இருந்தது. அன்று ராத்திரிதான் சுடப்பட்டார். இப்படி ஒரு குவியலோடு சேர்ந்து வந்தது வாட்ச் என்று பார்க்கும்போது, ஓனோ ஆசையாகக் கொடுத்த அன்பளிப்பு என்று டிரைவர் சொன்ன கதை ரொம்பவே பலவீனமாகிறது. ஒருவர் தன் கணவரின் கடைசி டைரியையும் கண்ணாடியையும் வாட்சையும் சேர்த்து டிரைவருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பாரா?

சேகரிப்பாளர் விடவில்லை. நான் பணம் கொடுத்து வாங்கினேன், வாட்ச் என்னுடையது என்று அறிவியுங்கள் என்று ஜெனீவா நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே தோற்றார், மாகாண மேல் நீதிமன்றத்திலும் தோற்றார், பிறகு லோசான் நகரில் இருக்கும் சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2024 நவம்பர் 14 அன்று அந்தத் தீர்ப்பு வெளியானது. வாட்ச் ஓனோவுடையது. அப்போது அவருக்கு 91 வயது.

தீர்ப்பின் அடிப்படை ஒரே புள்ளியில் நிற்கிறது. டிரைவருக்கு வாட்ச் அன்பளிப்பாகக் கிடைத்ததா, அவர் எடுத்துப் போனாரா? அன்பளிப்பு என்றால் அவர் விற்றது சரி, அவரிடமிருந்து வாங்கியவர் விற்றது சரி, கடைசியில் சேகரிப்பாளர் வாங்கியதும் சரி. திருட்டு என்றால் அதற்குப் பிறகு எத்தனை பேர் கை மாறினாலும் ஒன்றும் மாறாது. வாட்ச் கை மாறிய இடம் ஜெர்மனி என்பதால் நீதிமன்றம் ஜெர்மன் சட்டத்தைப் பார்த்தது. அந்த ஊர்ச் சட்டத்தில், தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்குப் பொதுவாகப் பாதுகாப்பு உண்டு, ஆனால் திருட்டுப்போன பொருளுக்கு அது செல்லாது. இவ்வளவு பிரத்தியேகமான, பொறிப்புப் போட்டுக் கொடுத்த வாட்சை ஓனோ டிரைவருக்குக் கொடுக்க நினைத்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். சுவிஸ் சட்டத்தில் திருட்டுப்போன பொருளை, நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடமிருந்து திரும்பக் கேட்க உரிமையாளருக்கு ஐந்து வருடம்தான் கெடு. இந்த வாட்ச் ஓனோவின் வீட்டை விட்டுப் போய் ஐந்து வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் சேகரிப்பாளர் வாங்கினார். அதே விற்பனை ஜெர்மனிக்குப் பதில் சுவிட்சர்லாந்தில் நடந்திருந்தால் வழக்கின் போக்கு வேறு மாதிரி இருந்திருக்கலாம். அதனால்தான் பழைய வாட்சின் கதையை எழுதும்போது யார் வாங்கினார் என்பதோடு எந்த ஊரில் வைத்து வாங்கினார் என்பதையும் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

மனைவி ஆசையாகக் கொடுத்ததை யார் வேறு ஒருவருக்குக் கொடுப்பார் என்ற வாதத்தை மட்டும் நம்பி உட்காரவும் முடியாது. கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நடிகர் பால் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா அதற்கு நல்ல சாட்சி. கார் பந்தயத்தில் இறங்கிய கணவருக்கு ஜோன் உட்வர்ட் வாங்கிக் கொடுத்த வாட்ச், பின்னால் ‘பத்திரமாக ஓட்டு, நான்’ என்ற பொருளில் மூன்று சொல் பொறித்தது. 1984 கோடையில் நியூமன் அதைத் தன் மகளின் காதலனுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அந்தப் பையன் அவர்கள் தோட்டத்தில் மரவீடு ஒன்றைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். மணி என்ன என்று நியூமன் கேட்டார், வாட்ச் இல்லை என்றான் பையன், இந்தா கட்டிக்கொள், சாவி கொடுத்தால் ஒழுங்காக ஓடும் என்று கொடுத்தார். அவ்வளவுதான். மனைவி அதற்குள் இன்னொரு டேடோனா வாங்கிக் கொடுத்திருந்தார் என்பதும் ஒரு காரணமாக இருக்கும்.

2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் அந்த வாட்ச் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போனது. கேள்வி கேட்பதற்கு ஆள் இல்லை. நியூமனின் மகளே உயிரோடு இருந்து, அப்பா கொடுத்தது உண்மைதான் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். விற்ற பணத்தில் ஒரு பங்கு அவருடைய அறக்கட்டளைக்கும் போனது. இரண்டு வாட்சையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் மனைவி கொடுத்தது, இரண்டிலும் பொறிப்பு, இரண்டும் வேறு ஒருவரிடம் போனது, வாங்கிக்கொண்டவர் எனக்குக் கொடுத்தார்கள் என்கிறார். ஒன்றில் கொடுத்த வீட்டார் ஆமாம் என்றார்கள். மற்றதில் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர் இல்லை என்றார். வாங்கிக்கொண்டவரின் பேச்சைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. கொடுத்தவர் பக்கத்திலிருந்து ஒரு சொல் வேண்டும்.

இதெல்லாம் கோடிகளில் புரளும் வாட்சுகளுக்கு மட்டும்தான் என்று நினைத்தால், ரூஸ்வெல்ட்டின் பாக்கெட் வாட்சைப் பாருங்கள். பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் 1898-இல் கியூபா போருக்குப் போகும் சமயம் அவருடைய தங்கையும் தங்கை கணவரும் கொடுத்தது. வால்தம் கம்பெனியின் சாதாரண வெள்ளி வாட்ச், மெஷினில் 17 கல் வைத்தது. ஆப்பிரிக்கா, அமேசான் எல்லாம் அவரோடு போய் வந்தது. 1987 ஜூலை 21 அன்று பஃபலோ நகரில் பூட்டாத கண்ணாடிப் பெட்டியிலிருந்து யாரோ எடுத்துப் போனார்கள். 36 வருடம் சத்தமே இல்லை. 2023-இல் புளோரிடாவில் ஓர் ஏலக்காரரிடம் அதை விற்கக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே ரூஸ்வெல்ட் பெயரும், கொடுத்தவர்களின் முதலெழுத்துகளும் இருந்தன. அந்த ஏலக்காரர் விலை போட்டு அட்டவணையில் சேர்ப்பதற்கு முன்னால் ரூஸ்வெல்ட் நினைவு இல்லத்துக்கே கேட்டு எழுதினார். இது எங்களிடமிருந்து போனதாயிற்றே என்றார்கள். 2024 ஜூன் 27 அன்று வாட்ச் அவர் வாழ்ந்த சாகமோர் ஹில் இல்லத்துக்குத் திரும்பியது. ஏலக்காரருக்குக் கமிஷன் போயிற்று. அவர்மேல் எனக்கு உண்டான மரியாதை கொஞ்சமல்ல.

நம் ஊர்ச் சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1930-ஆம் வருடப் பொருள் விற்பனைச் சட்டம், பிரிவு 27: விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது. விதிவிலக்குகள் சில உண்டு, அடிப்படை இதுதான். தவிர, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையில்லாமல் வாங்கினால் அது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 411, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 317. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 800 ரூபாய்க்கு வாங்கும் வாட்சுக்கும் இது பொருந்தும்.

நான் வாங்கிய ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். கோயம்புத்தூரில், பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் கிடைத்த ஹெச்.எம்.டி. சாவி வாட்ச். கண்ணாடி முழுக்கக் கீறல், ஆனால் மெஷின் சுத்தமாக ஓடியது. பின்மூடியில் ஒரு மில்லின் பெயர், 25 வருடச் சேவைக்காக என்று ஒரு வரி, கீழே ஒருவரின் பெயர், டோக்கன் எண். மில் மூடிப் பல வருடம் ஆகிறது. விற்றவரைக் கேட்டால், ‘லாட்டுல வந்துதுங்க, யாரு எவருன்னு நமக்குத் தெரியாதுங்க’ என்றார். பில் கேட்டேன், வெள்ளைத் தாளில் தேதி, தொகை, தன் பெயர், போன் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மில் இருந்த தெருவில் ஒரு டீக்கடை. அங்கே டோக்கன் எண்ணைச் சொன்னதும் வயதான ஒருவர், ‘அது ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட் நம்பராச்சே’ என்றார். பெயரைச் சொன்னேன், வீட்டைக் காட்டினார்கள். வாட்சுக்காரர் காலமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. மகன் இருந்தார், என்னைவிடப் பெரியவர்.

‘திருடு எல்லாம் போகலைங்க தம்பி. எங்க பையன் பாலிடெக்னிக் சேர்றப்ப அப்பாவே கொண்டுபோய் வித்துட்டாருங்க. வேண்டாம்னு எவ்வளவோ சொன்னோம்’ என்றார்.

திரும்ப வேண்டுமா என்று கேட்டேன், வாங்கின விலைக்கே தருகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. வாட்சை வாங்கிச் சாவி கொடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடமே கொடுத்து, அந்த வெள்ளைத் தாளை வாங்கி, பின்பக்கத்தில் ‘இது எங்கள் அப்பா விற்றது’ என்று எழுதித் தேதி போட்டார்.